பொட்டு வைத்த எஞ்சின்

விமான எஞ்சினுக்குக் காற்று அளந்து கொடுப்பது என் தொழில்; கம்மியாகக் கொடுத்தால் பைலட் திட்டுவார், ஜாஸ்தியாகக் கொடுத்தால் எஞ்சினே போய்விடும்.

வெளியூரில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் முப்பது வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். பட்டம் எதுவும் வாங்கவில்லை. எஞ்சின் கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு படித்துக் கற்றுக்கொண்டதுதான். வேலையை நான் செய்வேன். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும், அது வரதராஜன் சாரிடம் இருந்தது. ஒரு தடவை என் கைப்பிழையால் அவருடைய லைசென்ஸும் என் வேலையும், அதையெல்லாம் விட ஒரு பைலட்டின் உயிரும், ஒரே காலையில் போகப் பார்த்தன. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேலை என்னவென்று தெரியாமல் பிழை புரியாது. வேறொருவர் கையெழுத்துக்குக் கீழே கையை அழுக்காக்கிக்கொண்டு பிழைத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

மைத்துனருக்குச் சொன்ன விளக்கம்

மாதம் ஒரு தடவை லீவில் அடி அண்ணாமலைக்கு வீட்டுக்கு வருவேன். பௌர்ணமியாகப் பார்த்து வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுவேன். ஒரு தடவை என் மனைவி கஸ்தூரியின் தம்பி கீழ்பென்னாத்தூரிலிருந்து தன் நிலத்தில் விளைந்த மணிலாக்கொட்டை மூட்டையோடு வந்திருந்தார். ஏரோப்ளேனில் உங்களுக்கு என்னதான் வேலை என்று விடாமல் கேட்டார்.

மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், எஞ்சினுக்கு மூச்சு போதாது என்றேன். அதனால் டர்போ என்று ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் விடுகிற புகையே அதைச் சுற்றும், அது வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அளவு மீறித் தள்ளினால் எஞ்சின் உடைந்துவிடும். அதற்காகப் புகைக்குழாயில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அது திறந்தால் உபரிப் புகை விசிறிக்குப் போகாமல் வெளியே போய்விடும், விசிறி அடங்கும். அந்தக் கதவு சரியான நேரத்தில் மூடித் திறக்கிறதா என்று பார்ப்பது என் வேலை என்று சொல்லி முடித்தேன். அவர் அக்காவிடம் திரும்பிச் சொன்னார்: "மாமாவுக்கு வேலை, வர்ற புகையை வீணாக்கறதுதான்க்கா. அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்க."

எண்ணெய் சூடாகிற வரைக்கும்

அந்தக் கதவை மூடுவது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். திறப்பது ஒரு ஸ்பிரிங். காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அது கதவை விட்டு விலக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பைலட் வேகத்தைக் கூட்டினால் காற்றழுத்த மீட்டரில் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே எண்ணெய் சூடாகிற வரைக்கும் ஓரமாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். வேகத்தையும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.

எங்களிடம் பறக்கக் கற்றுக்கொள்ள ஒரு கல்குவாரி முதலாளி வந்துகொண்டிருந்தார். ஏழெட்டு லாரி வைத்திருப்பவர். தினமும் அந்தப் பத்து நிமிஷம் அவருக்கும் எனக்கும் வழக்கு நடக்கும். மீட்டரைக் காட்டுவேன், அவர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். ஒரு நாள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிக் கேட்டார்: "ஏம்பா, என் லாரி சாவி போட்டதும் கிளம்பிடுது. உங்க ஏரோப்ளேன் மட்டும் ஏன் மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்குது?"

கால் சுற்று

காற்றழுத்தம் எவ்வளவு வரை போகலாம் என்பதை ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கிறது. கால் சுற்று திருப்பினாலே ஊசி இடம் மாறும். விமானம் ஏறும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்கும் என்று பயிற்சி கொடுக்கிற பைலட் ஒருவர் என் தோளில் கைபோட்டுக் கேட்டார். யாருக்குத் தெரியப் போகிறது என்பது அவர் கட்சி.

நான் திருப்பவில்லை. ஆனால் கேட்டதை வரதராஜன் சாரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். என் வேலையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். சில வருஷம் கழிந்ததும் டார்ச் அடிப்பது குறைந்தது. அதை ஒரு மரியாதையாக நான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பரமசிவம், நீங்க திருப்பற திருகெல்லாம் என் பேர்லதான் பறக்குது. அது ஞாபகம் இருந்தா போதும்."

ஆயுத பூஜை

விமானங்களை நிறுத்துகிற ஹேங்கரில் ஆயுத பூஜை என்றால் திருவண்ணாமலைக்காரன் நான்தான் பூசாரி. கஸ்தூரி வீட்டில் சந்தனம் அரைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். கல்லில் அரைத்தது, கடைத் தூள் இல்லை. ஸ்பானருக்கும் ஏணிக்கும் எண்ணெய் டின்னுக்கும் வரிசையாகப் பொட்டு வைப்பேன். அந்த வருஷம் டர்போ வைத்த இரண்டு விமானங்களின் எஞ்சின் மூடியும் திறந்திருந்தது. மூடிக்கு வெளியே வைக்க வேண்டிய பொட்டை, பாசம் மேலிட்டு உள்ளே வைத்தேன். எங்கே வைத்தேன்? என் கதவுக்கு. கதவு திரும்புகிற தண்டின் முனையில், தாராளமாக, நடுவில் குங்குமத்தோடு. இரண்டு விமானத்துக்கும். சார் வந்து கற்பூரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை முதல் விமானம் ஒரு சுற்றுப் பறந்து நல்லபடியாக இறங்கியது. இரண்டாவது விமானத்தை ஒரு பைலட் தனியாக வேறு ஊருக்கு எடுத்துப் போனார். முதல் விமானம் மறுபடி ரன்வேயில் ஓடத் தொடங்கியதும் எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி ஏறியது. தரையை விட்டு எழுவதற்குள் சட்டென்று அடங்கியது. கல்குவாரி முதலாளிதான் ஓட்டினார். பக்கத்தில் இருந்த, பயிற்சி கொடுக்கிற பைலட் வேகக் கைப்பிடியைப் பிடுங்கிக் குறைத்து, ரன்வேயின் கடைசியில் நிறுத்தியிருந்தார். ஊசி சிவப்புக் கோட்டை நன்றாகத் தாண்டிவிட்டதாம். முதலாளி இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரல் இல்லாமல் என்னிடம் சொன்னார்: "இன்னைக்கு எண்ணெய் சூடாகற வரைக்கும் காத்துக்கிட்டுதான் இருந்தேன், பரமசிவம்."

கரியா?

மூடியைக் கழற்றினேன். சார் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு மூடின நிலையில் இறுகியிருந்தது. தண்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டி. முதல் சுற்றில் ஈரமாக இருந்த சந்தனம் இடுக்கில் இறங்கி, அந்தச் சூட்டில் செங்கல்லாக வெந்துவிட்டது. எண்ணெய் அழுத்தம் கதவை மூடிவிட்டது. திறக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் இல்லை.

சார் குனிந்து பார்த்து, கரியா என்று கேட்டார். புகைக்குழாயில் கரி பிடிப்பது சகஜம். யார் மேலும் தப்பு வராது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலையும் பிழைக்கும், பார்க்காமல் போட்ட அவர் கையெழுத்தும் தப்பிக்கும். ஆனால் அந்த இன்னொரு விமானமும் இதே பொட்டோடு ஒரு தடவை பறந்து முடித்து, அந்த ஊரில் நின்றுகொண்டிருந்தது. பத்தரைக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். மணி பத்தே கால்.

கரி இல்லை, சந்தனம், நான் வைத்தது, அதிலும் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.  சார் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த ஊர் விமான நிலையத்துக்குப் போன் போட்டு, விமானத்தை நகர விடாதீர்கள் என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. பிறகு நிறுத்தியாயிற்று என்று வந்தது. நான் வாசல்படியில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்த பைலட்டே கூப்பிட்டார். சார் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்: "சார், கதவு அசைய மாட்டேங்குது. ஆனா வாசனை மட்டும் கோயில் மாதிரி வருது."

தண்ணீர் கம்மி

அறிக்கையில் சார் உள்ளதை உள்ளபடி எழுதினார். பூஜைச் சந்தனம் என்றும், டெக்னீஷியன் தானே முன்வந்து சொன்னார் என்றும், தான் உள்ளே பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாகவும். முதல் விமானத்தின் எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டி வந்தது. எனக்கு ஆறு மாதம் எஞ்சினைத் தொடக்கூடாது, சக்கரம் கழுவுகிற வேலை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப் போனது; லைசென்ஸ் மட்டும் தப்பியது. மன்னிப்புக் கேட்கப் போனேன். கையெழுத்துக்கு வந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அடுத்த வருஷம் பொட்டை எனக்கு வச்சிடுங்க, பரமசிவம். நான் எங்கேயும் சிக்கிக்க மாட்டேன்" என்றார். மறுநாளிலிருந்து, யார் செய்த வேலையானாலும், மறுபடி டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். அது எனக்கு வலித்தது, சரியென்றும் தெரிந்தது.

அடுத்த லீவில் கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைலட் தனியாகப் போனதைச் சொன்னபோது கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு என்றேன். வெகுநேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். அவள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, அவள் அப்புறம் சொன்னதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் சொல்ல முடியும்: "உங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் தண்ணி கம்மியா விட்டு அரைச்சிட்டேன்."

முப்பது வருஷத்தில் நான் பார்த்த கோளாறுகளில் எந்தக் கையேட்டிலும் இல்லாதது இது ஒன்றுதான். அதையும் கற்பூரம் காட்டி நானேதான் ஆரம்பித்து வைத்தேன்.