லெட்சுமிக்கு எத்தனை எழுத்து?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் திருகாணி கழற்றுவது சுலபம். பூட்டு போடவா வேண்டாமா என்பதுதான் பெரும்பாடு. பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்களே, நானும் உங்கள் கட்சிதான். நம் மலாய் நாட்டுப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பாதி ஆயுசு போய், இப்போது டத்தோ கிராமாட்டில் வீட்டு முன்னறையே என் கடை. என் கையிலிருந்து போகிற மெஷின் எதையும் கேட்காது. பட்டனைத் தட்டினால் திறக்கும். அதுதான் என் வழக்கம்.

ரொட்டிக் கல்லுக்கு மேலே

சாப்பாட்டுக் கடை பாய்க்கும் கம்ப்யூட்டரை அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். பொட்டலத்துக்குக் காத்திருந்த யாரோ விளையாட்டாய்த் தட்டி, மெனுவிலிருந்து மீன்தலைக் கறியையே அழித்துவிட்டான். பாய் கத்தினார். பூட்டினேன். ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்படியும் வைத்து, "யாருக்கும் சொல்லாதீங்க பாய்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ரொட்டி தின்னப் போனால், கல்லுக்கு மேலே சுவரில் முழ நீளத்துக்கு அந்த பாஸ்வேர்ட். என்ன பாய் இது என்றேன். மாவை வீசிக்கொண்டே சொன்னார்: "யாருக்கும் சொல்லலையே அண்ணே, எழுதித்தானே வச்சேன்!"

கவுண்டர்காரர் வைத்த பெயர்

பின் தெரு லெட்சுமி ஒரு நாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். புருஷன் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர்; தவறிப் போய் மூன்று மாதம். பஸ் வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே பாடிப் பாடி இதில் பதிந்து வைத்திருக்கிறார். அந்தக் குரல் வேண்டும், அவ்வளவுதான். "பாஸ்வேர்ட் என் பேருதான் அண்ணே, அவரே சொல்லிருக்காரு."

பழைய மெஷின் என்றால் பின்வாசல் வழியாக நுழைந்திருப்பேன். இப்போது வருவதெல்லாம் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. துடைத்துப் புதிதாய்ப் போடலாம், பாட்டும் போய்விடும். சரி, பெயரைத் தட்டுவோம் என்றால், எந்தப் பெயர்? இங்கிலீஷ் எழுத்தில் பிறந்த பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐ.சி. அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கல்யாணப் பத்திரத்தில் வேறு. நம் ஊரில் பதிவு ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அதுதானே நம் பெயர்! ஒவ்வொன்றாய்த் தட்டினோம். பத்தாவது தடவை, கொஞ்ச நேரம் கழித்து வா என்று மெஷின் கதவைச் சாத்திவிட்டது. லெட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரு எனக்கே தெரியலன்னு சொல்லுதா அண்ணே இது?"

ஒரே ஒரு சி

மூன்றாம் நாளும் வந்தார். இரண்டு நாளில் முகம் இன்னும் வற்றியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வீட்டுல அவரு உங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?" தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாய், "லெச்சி" என்றார். இங்கிலீஷ் படித்தவன் இதற்கு சி போட்டு எச் போடுவான். அவர் புருஷனும் என்னைப் போல மலாய்ப் பள்ளிக்குப் போய்ப் பாதியில் நின்றவர். எங்களுக்கு மலாய் வழக்கப்படி வெறும் சி போட்டாலே ச தான். எல், ஈ, சி, ஐ. தட்டினேன். திறந்துகொண்டது.

முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு செருமல். அதற்கே லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிகிற வரை நான் சும்மா திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் பதிந்து கொடுத்துவிட்டு, "இனி பாஸ்வேர்டே வேணாம்மா, தட்டினா திறக்கிற மாதிரி வச்சிடறேன்" என்றேன். சட்டென்று லேப்டாப்பை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாண்ணே, இருக்கட்டும் லா. அந்தப் பேரக் கேக்க இப்ப வேற யாரு இருக்கா?"

வீட்டில் என் கம்ப்யூட்டர் இன்னமும் ஒரு வார்த்தை கேட்காமல்தான் திறந்துகொள்கிறது. ரொம்ப வசதிதான்; ஆனாலும் யார் நீ என்று ஒரு தடவை கேட்டால்தான் என்னவாம்!