லேக் மவுண்டனுக்கு ஒரு நாள்: சில்லும் சங்கிலியும் நான் எழுதிய பொய்யும்

அன்று இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். காரில் போனவர்கள் நாலு பேர்: நான், என் கணவர் யூட், பதினாறு வயது மகள் ஷரோன், ரொறொன்ரோவிலிருந்து இரண்டு கிழமைக்கு வந்திருந்த கணவரின் சித்தப்பா மகன் ரூபன். மேரிஸ்வில்லில், பனியில் வழுக்காமல் ரயரில் சுற்றும் பனிச்சங்கிலி வாடகைக்கு எடுக்கக் கடைக்குள் போனது நானும் ஷரோனும் மட்டும். சங்கிலி தந்தவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, பனிக்காலத்தில் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை. வரிசையில் வேறு ஆட்களும் நின்றார்கள், ஆனால் நாங்கள் கதைத்தது தமிழில். ஆகவே அங்கே என்ன பேசினோம் என்று சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்தான்.

இதை ஏன் இப்படி எழுதுகிறேன் என்றால், இதே பயணத்தைப் பற்றிச் சனிக்கிழமை பின்னேரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். கடையின் பெயரையும் அந்தப் பிள்ளையின் பெயரையும் போட்டு, "காரைப் பார்க்காமலே பிழையான சங்கிலி தந்து எங்களை ஏமாற்றிவிட்டார்" என்று எழுதினேன். அது பொய். அந்தப் பொய்யால் அவருடைய வேலை போகப்பார்க்கிறது. பழைய பதிவை எடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி மறுபடி எழுதுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் ரூபனின் நக்கல். சாப்பாட்டு மேசையில் இருந்து, "ஒஸ்ரேலியாவில பனியோ? ஃபிரிட்ஜைத் திறந்து காட்டப்போறியளோ, அண்ணி?" என்றான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஓகஸ்ட் மாதம் இங்கே குளிர்காலம், மலையில் நல்ல பனி என்று அறிவித்திருந்தார்கள். எங்களிடம் உயரமான எஸ்யூவி இருக்கிறது. நுழைவுக் கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே கட்டினேன்.

சனிக்கிழமை காலை 5.40க்கு ஸ்பிரிங்வேலிலிருந்து வெளிக்கிட்டோம். செபமாலை சொல்லி முடிய லில்லிடேல் வந்துவிட்டது. ஹீல்ஸ்வில் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து ஏறும். இரண்டு பக்கமும் நெடிய மரங்கள், வெயில் விழாத இடங்களில் தார் ஈரமாகவே கிடக்கும். அங்கே அவசரப்படவேண்டாம். மேரிஸ்வில் வர 7.35. வீட்டிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர்.

சங்கிலி எடுக்காமல் மலையேறலாம் என்று நினைக்காதீர்கள். நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற வாகனம் என்றாலும், பனிக்காலத்தில் இந்த மலைக்குச் சங்கிலி கொண்டுபோகவேண்டும். எங்களுடையது முன்சில்லு மட்டும் இழுக்கிற கார். பார்த்தால் பெரிய வாகனம், பனியில் சின்னக் காரைவிட ஒரு பிடியும் கூடுதலாகக் கிடையாது.

கடையில் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"வாங்க ஆன்ட்டி. டயர் சைஸ் தெரியுமா?"

"ஓம் பிள்ளை, எழுதிக்கொண்டு வந்தனான். இருநூற்றி இருபத்தைஞ்சு, அறுபத்தைஞ்சு, பதினேழு." சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து முதல்நாளே எழுதிவைத்தது.

"ஒரு நிமிஷம் இருங்க, வெளிய வந்து டயரையே பாத்துடறேன். நிறைய பேர் வீல் மாத்தியிருப்பாங்க, ஞாபகம் இருக்காது."

"வேண்டாம் பிள்ளை, அதெல்லாம் நான் பாத்திட்டன். எவ்வளவு சனம் நிக்குது. நீ தந்துவிடு." அதோடு நிற்காமல், "தமிழ்ப் பிள்ளையா இருந்துகொண்டு எங்களையும் இப்பிடி நிக்கவைக்கிறியே?" என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சரி ஆன்ட்டி. ஆனா மேல போறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு தடவை மாட்டிப் பாத்துடுங்க."

45 டொலர் கட்டினேன். மாட்டிப் பார்க்கவில்லை. வெளியே குளிர், ரூபன் கோப்பியோடு காரில் ஏறிவிட்டான்.

சில்லின் கதையை இங்கே சொல்லவேண்டும். கார் வாங்கும்போது பதினேழு அங்குலச் சில்லு. மார்ச் மாதம் என் தம்பியின் கலியாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை எங்கள் காரில்தான் வருவார்கள் என்று, யூட் இருபது அங்குலச் சில்லு நாலும், அதற்கேற்ற அகல ரயரும் வேறொருவர் பாவித்ததாக 680 டொலருக்கு வாங்கிப் பூட்டினார். காசு கொடுத்தது நான். ஆனால் அதைக் கலியாணச் செலவில் எழுதினேனே தவிர, கார்ச் செலவில் எழுதவில்லை. என் மனதிலும் பூமாலை, ரிபன் மாதிரி அதுவும் ஒரு சோடனை. சில்லு மாறினால் ரயர் இலக்கமும் மாறும் என்று எனக்குப் படவே இல்லை.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் மறித்து, இரு சில்லு இழுக்கிற வாகனங்கள் எல்லாம் சங்கிலி பூட்டவேண்டும் என்று ஓரத்துக்கு அனுப்பினார். யூட் தார்ப்பாய் விரித்து, சேற்றுப் பனியில் படுத்து முன்சில்லில் சங்கிலியைச் சுற்றினார். இரண்டு முனையும் சேரவில்லை. நாலு விரல் இடைவெளி. இழுத்தார், காரை அரை அடி நகர்த்தி மறுபடி இழுத்தார். பக்கத்தில் பூட்டிய கார்கள் ஒவ்வொன்றாக ஏறிப்போயின.

ரூபன் போனில் படம் பிடித்தபடி, "அண்ணி, பொம்மைக்குத் தைச்ச சட்டையை அண்ணாக்குப் போடப் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். பிறகு, "ஆர் அளவு குடுத்தது?" என்று கேட்டான்.

"அந்தக் கடைப் பிள்ளை பிழையாத் தந்திட்டுது. காரை வந்து பாக்கவுமில்லை," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது.

ஷரோன் பின்சீற்றிலிருந்து, "அம்மா, ஷி ஆஃபர்ட் டு செக். யூ செட் நோ," என்றாள்.

"நீ வாயைப் பொத்து," என்றேன். அதோடு அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

மஞ்சள் அங்கிக்காரர் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார். கையில் எடுத்த பனி, பாதையோரத்தில் கிடந்த அழுக்குப் பனி மட்டும். கடையில் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கும்போது முதலாளி நின்றார். சேரவில்லை என்றதும் ஒரு கேள்வியும் கேட்காமல் 45 டொலரையும் தந்தார். வாங்கிக்கொண்டேன். வீடு வருமுன்னே, காரிலேயே, கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். வீட்டுக்கு வந்து உங்களுக்குத் தமிழில் எழுதினேன். ஞாயிறு பூசையில் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்கும்போதுகூட இது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

திங்கள் மத்தியானம் அந்தப் பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "ஆன்ட்டி, நான் அந்தக் கடைல இருந்த பொண்ணு. உங்க கார் வெளிய நின்னது கேமராவுல இருக்கு. வீல் ரொம்பப் பெருசு, நீங்க சொன்ன சைஸ் இல்ல. நான் வெளிய வந்து பாக்கறேன்னு சொன்னேன்ல? அதை மட்டும் எழுதுங்க ஆன்ட்டி. வேற எதுவும் வேணாம்."

கராஜுக்குப் போய், முழங்காலில் நின்று ரயரின் பக்கத்தில் இருந்த இலக்கத்தை வாசித்தேன். 255/45R20. பழைய சில்லுகள் நாலும் சுவரோரம் அடுக்கியிருந்தன, மேலே நத்தார்ப் பண்டிகைக் குடில் பெட்டி.

யூட்டைக் கேட்டேன். "எனக்கு அங்கயே விளங்கிற்று," என்றார். "நீ ரூபனுக்கு முன்னால சொல்லிப்போட்டாய். நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

கடைக்குப் போன் எடுத்து முதலாளியிடம் என் பிழை என்று சொன்னேன். நம்புகிறேன் என்றார். ஆனால் கடை தேடுகிற ஆட்கள் தன்னைக் கேட்பதில்லை, நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பிள்ளையை முன்மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் சங்கிலி கழுவ விட்டிருக்கிறாராம். என்னுடைய ஒரு நட்சத்திரக் குறிப்பை அழித்துவிட்டேன், என்னை நம்பி நீங்கள் போட்டவை அப்படியே நிற்கின்றன. அவையும் போகாவிட்டால் அடுத்த கிழமையிலிருந்து அவருக்கு வேலை இல்லை, வெள்ளிக்கிழமை முடிவெடுப்பேன் என்றார். பிள்ளைக்கும் எழுதினேன், எல்லாம் என் பிழை, எழுதுகிறேன் என்று. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று மட்டும் பதில் வந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் பாடமாக்கினேன். நீதிமன்றத்தில் சொல்வதுதான் பொய்ச்சாட்சி என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பனிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கதவில் ஒட்டிய தாளை நம்பவேண்டாம். இப்போது காரில் பூட்டியிருக்கும் ரயரின் பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய சில்லும் அகல ரயரும் நகரத்துக்கு அழகு. ஆனால் சில கார்களில் உள்பக்கம் சங்கிலி போக இடமே இராது, எங்களுடையதில் இரண்டு விரல்கூடப் போகவில்லை. பழைய சின்னச் சில்லு இருந்தால் பனிக்கு அதைப் பூட்டுங்கள், ஒடுக்கமான ரயர் பனியை வெட்டிப் பிடிக்கும். புது ரயர் வாங்குவதென்றால் பனிக்கு உகந்தது என்று காட்ட மலையும் பனிப்பூவும் பொறித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் சங்கிலி வேண்டும். சங்கிலி பூட்டுவது இழுக்கிற சில்லில், முன்சில்லு இழுக்கிற காருக்கு முன்னால். கடையிலேயே ஒரு தரம் மாட்டிப் பாருங்கள். பெற்றோலுக்கு 38 டொலர் போனது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். என் பழைய பதிவை நம்பி உங்களில் பதினொரு பேர் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டீர்கள். நீங்கள் அந்தக் கடையைக் கண்டதில்லை. எனக்காக எழுதினீர்கள், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று. அவற்றை என்னால் அழிக்கமுடியாது, நீங்கள்தான் அழிக்கவேண்டும். இன்று புதன். தயவுசெய்து அழித்துவிட்டு, அழித்தேன் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அழிக்க விருப்பமில்லை என்றாலும் அதையும் சொல்லுங்கள், நான் போன் எடுத்துக் கதைக்கிறேன். வெள்ளி காலைக்கு முன்னர் உங்கள் பதில் எனக்கு வேண்டும்.