அமுதவல்லி டீச்சரின் கட்டியும் என் கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை வணக்கத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். "அமுதவல்லி டீச்சர் தவறிட்டாங்களாம்மா. இப்பதான் போன் வந்துச்சு" என்றார். "கட்டியா சார்?" என்றுதான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வாலிகண்டபுரம் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் அவர் அறிவியல், நான் தமிழ். திருமணம் செய்துகொள்ளாமல் பெரம்பலூரில் தனியே குடியிருந்தார். சொந்த ஊர் தா.பழூர், அங்கே தம்பி செல்வராசு நெல் விவசாயம் பார்த்தார். ஒருமுறை வகுப்பறைக்குள் பாம்பு வந்தபோது நான் மேசைமேல் ஏறி நின்றேன். டீச்சர் பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "பாம்பு போயி பத்து நிமிஷம் ஆச்சு, எறங்குங்க தமிழம்மா" என்றார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் வலது விலாவுக்குக் கீழே அவருக்கு ஓயாத வலி. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் பெரிய கட்டி. புற்று இல்லை, ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்ட சாதாரணக் கட்டிதான் என்றார்கள். ஆனாலும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு மருத்துவர் ஈரலில் ஒரு பகுதியோடு வெட்டி எடுக்கச் சொன்னார். திருச்சியில் இன்னொருவர், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தால் போதும், சுருங்கிவிடும் என்றார். டீச்சர் இதற்குத்தான் சம்மதித்தார்.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை.

"வாய்க்கால அடைச்சா வயலு காயுமில்ல, அதாண்டா இது" என்றார் டீச்சர்.

"காஞ்சாலும் வயலு அங்கயேதானக்கா கெடக்கும்? கட்டிய உள்ளயே வச்சுக்கிட்டு வூட்டுக்கு வர்றதுக்கா ஆஸ்பத்திரி? நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

உடனிருப்பவர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். அதற்குமுன் படிவத்தை மூன்று முறை படித்ததைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு. "எனக்கும் சேத்து நீங்களே பயந்துருங்க. எனக்கு வேல மிச்சம்."

பயந்தேன். மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, அவர் விழித்திருக்கும்போதே செய்தார்கள். முடிந்தபின் காலை மடக்காமல் மணிக்கணக்கில் கிடந்தார். மறுநாள் காய்ச்சலும் வலியும் வந்தன. மருத்துவர் இது எதிர்பார்த்ததுதான் என்றார். என் காதில் ஏறவில்லை. நான்தான் இவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த மாதமே பள்ளிக்கு வந்துவிட்டார். ஆண்டுக்கு ஆண்டு ஸ்கேனில் கட்டி சிறுத்தது. என் பயம் மட்டும் சிறுக்கவில்லை. அவர் விலாவில் கைவைத்தால் நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவரையே பார்ப்பேன். "வெறும் வாயுங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார்.

அன்று தா.பழூரில், டீச்சரைக் கொண்டுபோயிருந்த தம்பி வீட்டு வாசலில் செல்வராசு என்னை நோக்கி வந்தார். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாரடைப்புங்க டீச்சர். போன மாசந்தான் அக்கா ஸ்கேன் பாத்துச்சு, கட்டியால ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் பயந்துக்கிட்டு ஓடிட்டேன். நீங்க நின்னீங்க."

அமுதவல்லி டீச்சர், உங்களை அங்கே கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, நான் காரணமில்லை என்று முதலில் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. மன்னித்துவிடுங்கள். உங்களுக்காக அழ எனக்கு அவ்வளவு நேரமாயிற்று.