நாற்பது நொடி மதிப்பெண்

அக்காவின் மடிக்கணினி முதலில் வாங்கிய மதிப்பெண் நாலாயிரத்து நூற்று எண்பது. நான் கை வைத்த பிறகு ஐயாயிரத்து முந்நூற்றுப் பத்து. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா கைதட்டும் எமோஜி போட்டார். எனக்கு அது போதும்.

கம்பெனிக்காரன் வைத்த வேகத்தைத் தாண்டி சிப்பை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். ஈப்போவில் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்தே எனக்கு அந்தக் கிறுக்கு உண்டு. என் கணினியில் செய்தேன், கூட்டாளிகள் கணினியில் செய்தேன், கடைசியில் அக்காவுடையதில். மதிப்பெண் போடும் சோதனை அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நாற்பது நொடியில் எண் வந்துவிடும்.

அக்கா ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. முதல் பெரிய ஆர்டர் வந்தது. ஆயர் தாவார் பக்கம் தோட்டத்துக் கோயிலில் காலையில் தாலி, சாயந்தரம் அதே தோட்டத்து மண்டபத்தில் விருந்து. இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் காலையில் நடந்ததை அன்றைக்கே நாலு நிமிஷப் படமாக்கி, விருந்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழைவதற்கு முன்னால் திரையில் காட்டியாக வேண்டும். அது மட்டும் நன்றாக அமைந்துவிட்டால், தன் இரண்டு மகள்களின் கல்யாணத்தையும் அக்காவிடமே கொடுப்பதாகப் பெண்ணின் சித்தி சொல்லியிருந்தார்.

அக்கா முன்யோசனைக்காரி. ஈப்போவில் ஒரு ஸ்டூடியோ அண்ணனிடம் அவருடைய பெரிய கணினியை அன்றைக்கு மட்டும் கேட்டு வைத்திருந்தாள்.

"அத எதுக்குத் தூக்கிட்டுப் போற? இதே போதும் லா," என்றேன்.

"ஒரு முழு வீடியோவ ஏத்தி ஓட்டிப் பாத்தியா?"

"ஸ்கோர் பாத்தல்ல? அந்த அண்ணனோடதுலகூட இவ்ளோ வராது."

"ஸ்கோர் ஸ்கோர்ங்கிற, இது என்ன உன் எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட்டா? ஓட்டிப் பாத்தியாடி?"

"பாத்தேன் க்கா."

பார்க்கவில்லை. சோதனையைத்தான் ஓட்டினேன், எட்டுத் தடவை. ஐந்தாவது தடவை நாலாயிரத்து எழுநூறுக்கு இறங்கியது. ஏர்கானைப் பதினெட்டு டிகிரியில் வைத்து, மடிக்கணினியை அதற்கு நேர் கீழே தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறவிட்டேன். எட்டாவதாக வந்ததுதான் வாட்ஸ்அப்பில் போனது. ஏமாற்றுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. வந்ததிலேயே உயர்ந்த எண்தான் கணினியின் உண்மையான எண், மற்றதெல்லாம் ஏதோ தடங்கலில் குறைந்தவை என்று மனசார நம்பினேன்.

கணினி வேண்டாம் என்று ஸ்டூடியோ அண்ணனுக்கு அக்கா செய்தி அனுப்பினாள்.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் பின்னால், சமையல் கெமாவை ஒட்டிய தகரக் கூரைக்கு அடியில் எங்களுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். அந்தக் கூடாரத்துக்குள் கொப்பரைகள் கொதித்தன. சுற்றிலும் செம்பனை, ஓர் ஓலைகூட அசையவில்லை. அக்கா மூன்றரைக்குள் வெட்டி ஒட்டி முடித்துவிட்டாள். நன்றாகவே வந்திருந்தது. தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொள்ளும் இடத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். இனி அதை ஒரே கோப்பாக வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தைந்து நிமிஷம் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஐம்பது என்றது. பிறகு ஒன்றரை மணி நேரம். ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. திரை கறுத்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடியும் பாதியில் செத்தது.

சமையல்கார அண்ணன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என் கொப்பரைய விட ஒங்க பொட்டி சூடா இருக்கு? ரெண்டு தோசை ஊத்திக்கவா?"

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பத்து நிமிஷம் ஆறவிட்டு, அந்த மதிப்பெண் சோதனையை ஓட்டினேன். ஐயாயிரத்து இருநூற்று நாற்பது.

"பாரு க்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் வீடியோலதான் என்னமோ கோளாறு."

அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. "மணி அஞ்சே கால். எனக்குப் படம் வேணும்டி," என்றாள்.

சூடு ஏறுவதற்குள் சோதனை முடிந்துவிடுகிறது என்பது அந்தத் தகரத்துக்கு அடியில்தான் எனக்கு உறைத்தது. நாற்பது நொடிக்கு அந்தக் கணினி நிஜமாகவே அவ்வளவு வேகம். ஒரு மணி நேரம் தாங்குமா என்று சோதனையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஸ்டூடியோ அண்ணனுக்குப் போன் அடித்தேன். வேண்டாம் என்றதும் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். சிப்பைக் கம்பெனி வேகத்துக்கே திருப்பினேன். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடியது. ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் படம் ஓடாத வெறும் வெள்ளைத் திரைக்கு முன்னால் நடந்து உள்ளே போனார்கள். ஏழே முக்காலுக்குப் படம் ஓடியபோது எல்லாரும் தட்டோடு ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள். பெண்ணின் அப்பா வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"பரவால லாம்மா, மெஷின்தானே," என்றார் பெண்ணின் சித்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரண்டு வாரத்தில் அவருடைய மகள்களின் கல்யாணங்கள் இரண்டும் சித்தியவான் ஊர் வீடியோக்காரர் ஒருவருக்குப் போய்விட்டன. ஆள் போதாமல் அவர் அக்காவை இரண்டாவது கேமராவுக்குக் கூப்பிட்டார். எடுப்பது அக்கா, வெட்டி ஒட்டுவது அவர், போடுவது அவர் பெயர். அக்கா சரி என்றாள்.

அந்த இரண்டில் முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் எனக்கு வாய் வந்தது.

"க்கா, அன்னிக்கு நான் ஓட்டிப் பாக்கவே இல்ல."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ சொல்றப்பவே." லென்ஸைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "ஒன்ன எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அந்த அண்ணனுக்கு வேணாம்னு அனுப்புனேன் பாரு, அதான் எரியுது."

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நாளைக்கு மேடைப் பக்கம் சித்தியவான்காரர் நிற்பாராம், அக்காவுக்கு வாசல் பக்கம்.