மிக்கேலம்மாள் சீனம் பழகிய அடுப்படி

1957-ஆம் வருடம் ஆடி மாதம், கோவில்பட்டியில் பல் வைத்தியம் பார்த்துவந்த ஷியே என்ற சீனர், சென்னையில் உறவினர் வீட்டில் இருந்த தம் மனைவி சியூலானை ஊருக்கு அழைத்துவந்தார். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் குழந்தை சென்னையில் உயிரில்லாமல் பிறந்திருந்தது. இந்தக் குழந்தையையாவது உயிரோடு கையில் வாங்க வேண்டும் என்று அவர் தேடிப்போனது, பிரசவ விடுதி நர்ஸ் மிக்கேலம்மாளை.

மிக்கேலம்மாளுக்குச் சொந்த ஊர் கடம்பூர். வயது நாற்பத்தொன்று. கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

முதல்நாள் சியூலானின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன தடவை கடைசியில உடம்பு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க டாக்டர்" என்றார். ஷியே கேட்டார். சியூலான் வெகுநேரம் பேசினாள். தலையைத் தொட்டாள், காலைக் காட்டினாள், குரல் உடைந்தது.

ஷியே திரும்பினார். "கொஞ்சம்தான் வலி. சரியாயிரும்."

"அம்புட்டு நேரம் பேசினாளே, இதுதான் அர்த்தமா?"

"அவ்வளவுதான் நர்ஸம்மா."

அவர் பொய் சொல்லுகிற மனிதரில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கற்றது. வாயை நல்லாத் தொறங்க, துப்புங்க, கொஞ்சம்தான் வலி, சரியாயிரும். பன்னிரண்டு வருடமாக, பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் சொல்லிவந்த ஆறுதல் அது. வலியைப் பற்றி யார் எந்தப் பாஷையில் பேசினாலும் அவர் வாயில் அதுவே வந்தது.

மிக்கேலம்மாள் முதலில் ஒரு காரியம் செய்து பார்த்தார். தலைவலி, ரத்தம், வீக்கம் என்று தமிழில் எழுதி, எதிரே சீனச் சொல்லை அவரிடம் கேட்டுத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டார். மறுநாள் அதை வாசித்தபோது சியூலான் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பாஷையில் ஒரே சத்தத்தை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் இன்னொரு பொருள். ஏற்றமும் இறக்கமும் தமிழ் எழுத்துக்குள் அடங்கவில்லை. போதாததற்கு, மரியாதை குறைந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ம்மா'வை வேறு சேர்த்திருந்தார். உள்ள உருவமும் போய்விட்டது.

காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டார். "டாக்டர், நாளையிலருந்து மத்தியானம் நான் இங்கன அடுப்படியில இருப்பேன். நீங்க உள்ள வரப்படாது."

"யார் பேச்சு மாத்திச் சொல்றது?"

"ஒருத்தரும் சொல்லவேண்டாம். பிறந்த பிள்ளைக்கு யாரு மாத்திச் சொல்லுதா? அது பேசலையா?"

அன்றிலிருந்து விடுதி வேலை முடிந்ததும் நேராக அந்த அடுப்படிக்குப் போனார். சியூலான் அரிசி களைந்தால் இவர் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஊரில் தண்ணீர் தட்டுப்பாடு. ஒரு குடத்துக்குக் குழாயடியில் பாதி நாள் நிற்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல்லே தண்ணீர்தான். 'ஷுவெய்' என்றால் தண்ணீர் என்று மனதுக்குள் உருப்போடுவதை மிக்கேலம்மாள் நிறுத்தினார். குடத்தைக் கண்டால் ஷுவெய், அவ்வளவுதான். தீ ஹுவோ. மீனின் கண் யென். நிறைய, கொஞ்சம், இன்றைக்கு, நேற்றைக்கு, போதும், இன்னும் போடு, கருகிப்போச்சு. மாதா கோவிலில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவர் அவர். லத்தீன் பாட்டெல்லாம் பொருள் கேட்டா பாடினோம், காதில் விழுந்த ராகத்தை அப்படியே திருப்பிப் பாடினோமே என்று நினைத்துக்கொண்டார். சியூலானின் சொல்லையும் ராகத்தோடு வாங்கி ராகத்தோடு திருப்பிக் கொடுத்தார். ராகம் பிசகினால் அவள் கரண்டியால் பானையைத் தட்டுவாள். மறுபடி சொல்ல வேண்டும்.

விடுதி ஆயா வேலுத்தாய்க்கு இது பெரிய வேடிக்கை. "என்னக்கா, பிரசவம் பாக்கப் போறியளா, கடல்தாண்டிப் போகப் போறியளா? நேத்து என்னையப் பாத்து என்னமோ பூனை கத்துன மாதிரி சொன்னிய."

"வெந்நீர் கொண்டான்னு சொன்னேன்."

"அதை நம்ம பாஷையில சொன்னாலே நான் மெதுவாத்தான் கொண்டாருவேன்!"

"அது எனக்குத் தெரியும்ட்டீ. அதான் புதுப் பாஷையில சொல்லிப் பாத்தேன்."

புரட்டாசி முடிவதற்குள் சியூலான் அவரிடம் முழு வாக்கியமாகப் பேசத் தொடங்கியிருந்தாள். எல்லாம் புரியவில்லை. புரியாத இடத்தில் தலையாட்டிவிடக் கூடாது என்பதில் மிக்கேலம்மாள் உறுதியாக இருந்தார். மறுபடி சொல்லவைத்தார், தொட்டுக் காட்டவைத்தார்.

ஐப்பசியில் ஒருநாள். காலையில் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பை விடாமல் பிடித்து இழுக்க, மிக்கேலம்மாள் வெறுங்காலோடு வந்து சேர்ந்தார். சியூலான் அடுப்பு மூட்டாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி மேலே வரவில்லை. கண்களைத் தேய்த்தபடி என்னவோ சொன்னாள். தெரிந்த சொற்கள்தான். கண். தீ. சின்னத் தீ, நிறைய. இன்றைக்கு. நேற்றைக்கும்.

மிக்கேலம்மாளுக்கு விளங்கிவிட்டது. கண்ணில் பொறி பறக்கிறது என்கிறாள். அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்குத் தீயில் காட்டிச் சூடாக்கினார். திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக வெளுத்தது. இனி எந்த நேரமும் ஜன்னி கண்டு கைகால் இழுக்கலாம். தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

ஷியேயைக் கூப்பிட்டார். அவர் மனைவியிடம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "கொஞ்சம் கண் கூசுது. சரியா..."

"சரியாகாது டாக்டர்! கண்ணுல தீப்பொறி பறக்குதுங்கா. நேத்தும் பறந்திருக்கு. என் காதால கேட்டேன். காருக்குச் சொல்லுங்க, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆஸ்பத்திரி என்ற சொல் சியூலானுக்குத் தெரிந்திருந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மிக்கேலம்மாள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, தம்மிடம் இருந்த சொற்களைச் சேர்த்துச் சொன்னார். "நான் வாரேன். நீ பேசு. நான் கேக்கேன்." இலக்கணம் எப்படி இருந்ததோ, ராகம் சரியாக இருந்தது. சியூலான் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

கார் கயத்தாறைத் தாண்டும்போது முன்சீட்டில் இருந்த ஷியே திரும்பாமலே சொன்னார். "நர்ஸம்மா, சென்னையிலயும் இவ தீ, தீன்னு சொன்னா. நான் அங்க நர்ஸ்கிட்ட கொஞ்சம்தான் வலின்னு..."

"உங்களுக்கு அவ மேல பிரியம் டாக்டர். பயந்தவனுக்குப் பயப்படுற சேதியைச் சொல்ல வாய் வராது. இப்போ ரோட்டைப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து, ஊசி, இருட்டறை என்று இரண்டு நாள் போனது. இடையிடையே விழித்துச் சியூலான் சொன்னதையெல்லாம் மிக்கேலம்மாள் கேட்டு டாக்டரம்மாவுக்குச் சொன்னார். இப்போது பொறி இல்லை, நெஞ்சுக்குழியில் வலி இல்லை, பிள்ளை அசைகிறது. மூன்றாம் நாள் வலி எடுக்கச் செய்தார்கள்.

"முக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா.

அடுப்படியில் அப்படி ஒரு சொல் ஏது? மாவு பிசையும்போது மிக்கேலம்மாளின் கை தளர்ந்தால் சியூலான் போடும் அதட்டல் அவர் வாயில் வந்தது. பலத்தைப் போடு என்பது அது.

"யோங் லி! யோங் லி!"

சியூலான் பலத்தைப் போட்டாள். பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. சிறிய குழந்தைதான். ஆனால் வராந்தாவில் நின்ற ஷியேவுக்குக் கேட்கிற அளவுக்கு அழுதது.

கோவில்பட்டிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் வேலுத்தாய் அந்த வீட்டுக்கு வந்து அண்டா நிறைய வெந்நீர் போட்டாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மஞ்சள் பூசி, தலையோடு வெந்நீர் ஊற்றுவதுதானே வழக்கம். சியூலானோ போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில் ஒரு மாதத்துக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது. மிக்கேலம்மாள் அவள் பாஷையில் அதட்டினார். அவள் இரண்டு பங்கு அதட்டினாள். கை நீண்டது, குரல் உயர்ந்தது. முன்னறையில் பல்வலியோடு வந்து உட்கார்ந்திருந்த ஒருவர் வாயை மூட மறந்து எட்டிப்பார்த்தார்.

வேலுத்தாய் செம்போடு நின்றாள். "யக்கா, என்னத்த சொல்லுதா அவ?"

"தலைக்கு ஊத்தினா எந்திரிச்சுத் தெருவுல போயிருவேங்கா."

"நீங்க என்ன சொன்னிய?"

"கழுத்துக்குக் கீழ ஊத்த விடு, தலையை உன் இஷ்டத்துக்கு விட்டுருதேன்னேன்."

"ஒத்துக்கிட்டாளா?"

சியூலான் முறைத்துக்கொண்டே போர்வையைத் தோள்வரை இறக்கினாள். பிறகு இன்னும் ஏதோ ஒன்றைச் சொன்னாள். மிக்கேலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி சூடு பத்தாதாம். இன்னும் ரெண்டு விறகு வையிட்டீ."