போனின் மறுமுனை

பொதுத்தேர்வு முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அது. எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளியன்று விடுமுறை. சாவி என்னிடம் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு நான் பழைய இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மகள் செய்தித்தாள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டாள். "அலோ. ஆமாங்க, நாந்தானுங்க. கேக்குதுங்களா? இங்க அல்லாரும் நல்லா இருக்கறமுங்க. நீங்க சாப்ட்டீங்களா? இன்னைக்கும் ரொட்டிதானுங்களா!" என்றவள் சட்டென்று திரும்பி, "ஏய், அக்கட்டால போ, சனியனே!" என்று கத்தினாள். அடுத்த நொடியே குரல் குழைந்தது. "ஐயோ, உங்களைச் சொல்லலீங்க. ஆடு துணியத் திங்குது." நான் கையில் இருந்த இதழ்க்கட்டை நழுவவிட்டுச் சிரித்தேன். அங்கே நின்றது அவள் அல்ல, என் தம்பி மனைவி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகும்போது இடது தோளைச் சற்றுத் தூக்கும் வழக்கம்கூட அப்படியே இருந்தது.

என் தம்பி ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு எங்கள் பக்கத்து வண்டிகள் வடக்கே போகும். அங்கே மழைக்காலம் தொடங்கி வயல்கள் சேறானால்தான் வண்டியும் ஆட்களும் ஊர் திரும்புவார்கள். தம்பி மகள் பிறந்தபோது அவன் மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். அவள் நடக்கத் தொடங்கியபோதும் வயதுக்கு வந்தபோதும் எங்கே இருந்தான் என்பதை என் நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியும். எந்த முறையும் ஊரில் இல்லை. வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்த வழி அந்தப் போன்தான். பொழுது சாய்ந்த பிறகு அது அடிக்கும். தம்பி மனைவி வாசலுக்குப் போய் நின்று பேசுவாள். மகள் உள்ளேயிருந்து அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள்.

அவளை எங்கள் மாவட்டத்து உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதவைத்து மதிப்பெண் வாங்கித் தரும் பள்ளி. விடுமுறைக்கு அவள் வீட்டில் இருக்கும்போது அப்பா வடக்கே இருப்பான், அவன் ஊர் திரும்பும் மழைக்காலத்தில் அவள் விடுதியில் இருப்பாள். அங்கே விடுதிக் காப்பாளரைப் போலவும் கணக்கு ஆசிரியரைப் போலவும் நடித்துக் காட்டித்தான் தோழிகளோடு அவள் நாளை ஓட்டினாள். நாடகம் சொல்லிக் கொடுக்கப் பள்ளி உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரலாம் என்பதை எங்கோ படித்துவிட்டு வந்தாள். சேர்வதற்கு நேர்முகத் தேர்வு சென்னையில். சொந்தமாக ஒரு சிறு காட்சி நடிக்க வேண்டும், ஒரு பாட்டுப் பாட வேண்டும், அவர்கள் அங்கேயே சொல்லும் சூழலை நடித்துக் காட்ட வேண்டும். "நீங்கதான் உதவி பண்ணோணும் அத்தை" என்றாள். நடிப்பைப் பற்றி எனக்குப் புத்தகங்களில் படித்தது மட்டுமே தெரியும். தெரு நாடகம் ஒன்றில்கூட நடித்ததில்லை. அதைச் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாமுங்க. சும்மா உக்காந்தாப் போதும்" என்றாள்.

அப்படித்தான் அந்தக் கோடை முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் நான் என் தம்பியாக உட்கார்ந்தேன். அவள் அவளுடைய அம்மா. நான் போனின் மறுமுனை. நான் பேசக் கூடாது. ஆனால் நான் பேசுவதாக அவள் இடைவெளி விடுவாள். அந்த இடைவெளிகளில்தான் காட்சி இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தச் சொல்லுக்கு முகம் மாறுவது, எந்தப் பதிலைக் கேளாததுபோல் கடந்துபோவது என்று அவள் செதுக்கிக்கொண்டே போனாள். கிணற்று மோட்டார் எரிந்துபோனதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் என்னையறியாமல் முன்னால் சாய்ந்தேன். கடைசியில், "பாப்பாகிட்டக் குடுக்கட்டுங்களா? அலோ... அலோ..." என்று கையைக் காதிலிருந்து எடுத்து, இல்லாத போனைப் பார்த்துவிட்டு, உள்ளே பார்த்து, "அப்பா உன்னைக் கேட்டாரு சாமி" என்று சொல்வாள். காட்சி அங்கே முடியும்.

ஒரு வெள்ளியன்று, "அப்பா மாதிரி உக்காருங்க அத்தை" என்றாள். "உங்கப்பன் எப்படி உக்காருவான்?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்? போன்ல உக்காந்திருக்கறது தெரியுமாக்கும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சின்ன வயதில் அவன் வாயாடி. சந்தைக்குப் போய் வந்தால் அங்கே நடந்த பேரத்தை இரண்டு குரலில் சொல்லி அம்மாவைச் சிரிக்கவைப்பான். அதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எங்கப்பாவா?" என்றாள்.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது. தம்பி மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கூத்தாடறதுக்குப் படிப்பா? நாளைக்கு எவன் ஊட்டுல பொண்ணுக் கேப்பாங்க?" என்றாள். சேலத்தில் நர்சிங் கல்லூரி ஒன்றில் விசாரித்து வைத்திருந்தாள். பிறகு ஒருநாள் காலையில் நூலகத்துக்கே வந்து, "அவருகிட்டச் சொன்னனுங்க அண்ணி. சாமிகிட்டப் பூக் கேக்கச் சொல்லிட்டாரு" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, வீடு கட்டுவது எதுவானாலும் குலதெய்வத்தின் முன்னால் வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை இன்னொரு பொட்டலமாகவும் இலையில் கட்டிப் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் செய்வது என்று முதலிலேயே வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் கேட்கலாம். வந்ததை மாற்றிக் கேட்பது சாமியை நம்பாததற்குச் சமம். வைகாசி பிறந்த முதல் திங்கட்கிழமை கோயிலுக்குப் போனோம். தம்பி மனைவிதான் எடுத்தாள். அவள் விரல்கள் இலையைப் பிரிப்பதற்குள் தம்பி மகள் என் கையை நகம் பதிய அழுத்தியிருந்தாள். வெள்ளை. பூசாரி, "போயிட்டு வா தாயி, உத்தரவாயிருச்சு" என்றார். நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அந்த நிமிடம் எனக்கு உதவவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சென்னைக்கு மூவரும் போனோம். பெற்றோரை உள்ளே விடவில்லை. தம்பி மனைவியும் நானும் ஒரு வாகை மரத்தடியில் புளிச்சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு கைகால்களை வளைத்துக்கொண்டிருந்தார்கள். "இதுகெல்லாம் ரப்பர்ல செஞ்சதுங்களா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. உள்ளே தன்னைத்தான் மகள் நடிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

நடந்ததைத் தம்பி மகள் திரும்பி வரும் ரயிலில், அம்மா அசந்து தூங்கிய பிறகு, என்னிடம் சொன்னாள். காட்சி நன்றாகவே வந்திருக்கிறது. ஆட்டைத் துரத்தும் இடத்தில் தேர்வாளர்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். முடிந்ததும் ஓர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறார். பாட்டையும் பாடிவிட்டாள். அதன் பிறகு அந்த அம்மையார், "ரொம்ப நல்லா இருந்ததும்மா. இப்ப இதே போன் பேச்சை அப்பா பக்கத்திலேர்ந்து பண்ணு" என்றிருக்கிறார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையைக் காதில் வைத்திருக்கிறாள். "என்ன சொல்றதுன்னு தெரியலீங்க அத்தை. அம்மா பேசற ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். அதுக்கு அவரு என்ன சொல்லுவாருன்னு ஒருநாளும் கேட்டதில்ல. அலோன்னு எப்படிச் சொல்லுவாருன்னுகூட வரலீங்க" என்றாள். அவர்கள் காத்திருந்தார்கள். கற்பனையாக எதையாவது செய் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாயைத் திறந்தபோது வந்தது மறுபடியும் அம்மாவின் குரல்தான். போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஜோலார்பேட்டை தாண்டும்வரை அவள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். தேறியவர்கள் பட்டியல் வெளிவந்தபோது அதில் அவள் பெயர் இல்லை.

அடுத்த ஆண்டும் தேர்வு உண்டு. பலர் இரண்டு மூன்று முறை முயன்றுதான் சேர்கிறார்கள் என்பதை நான் படித்திருந்தேன். தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "சாமி ஒருக்கா உத்தரவு குடுத்துச்சுங்க. போயிட்டு வந்துட்டா. மறுக்காப் போகோணும்னா மறுக்காக் கேக்கோணும். அது ஆகாதுங்க அண்ணி" என்றாள். "அவரு வந்து சொன்னாப் பாக்கலாம்" என்று சேர்த்தாள். நர்சிங் கல்லூரியில் இடம் உறுதியாகியிருந்தது. எஞ்சியிருந்தது என் தம்பியின் வாய்ச்சொல் ஒன்றுதான். தம்பி மகள் அதற்காக வடக்கே மழை பிடிப்பதற்குக் காத்திருந்தாள். தினமும் போனில் அந்த ஊர் வானிலையைப் பார்ப்பாள்.

ஆடி தொடங்கும் முன் வந்தான். கறுத்து, தோள் எலும்பு தெரிய இருந்தான். வந்த மறுநாள் நான் போனபோது வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். தம்பி மகள் கம்பத்தின் ஓரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சியை எந்த விரலால் சுண்டுகிறான் என்றுகூடப் பார்த்திருப்பாள். என்னைக் கண்டதும் தைரியம் வந்ததுபோல் அவனுக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். "அப்பா, அந்த நாடகப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருசம் மறுக்காப் போகட்டுங்களா?" என்றாள்.

"செரி, செரி சாமி" என்றான், தலையை ஆட்டிக்கொண்டே.

அவள் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். ஆனால் பின்னால் நின்ற தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைக் கிணற்றடிப் பக்கம் இழுத்து, "அவருக்குக் கேக்கலீங்க அண்ணி" என்றாள். ரிக் வண்டிக் கம்ப்ரசரின் இரைச்சலில் காது போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. வெளியே தெரிந்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. "போன்ல நான் பேசுவனுங்க. அவரு அப்பப்ப செரி, செரிம்பாரு. அப்பறம் வெச்சிருவாரு. அப்பன் பேசறாருன்னு புள்ளைக்கு இருக்கட்டும்னுதான் நானே கேள்வியும் கேட்டு, பதிலும் வந்த மாதிரி..." என்று நிறுத்தினாள்.

"பூக் கேக்கச் சொன்னான்னு சொன்னியே?"

"நானாத்தானுங்க சாமிகிட்டக் கேட்டேன். அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது."

திரும்பிப் பார்த்தபோது தம்பி மகள் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வாசலுக்குப் போய் முன்போலவே அவனுக்குப் பக்கவாட்டில் நின்று, மெதுவாக, "அப்பா, இன்னைக்கு மழை வருமுங்களா?" என்று கேட்டாள்.

"செரி, செரி" என்றான் அவன்.

அவள் முன்னால் வந்து அவன் தோளைத் தொட்டாள். நிமிர்ந்தான். இல்லாத டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை உயர்த்திக் கேட்டாள். சுடும் காபியை ஊதுவதுபோல் இதழைக் குவித்தாள். அவன் பல் தெரியச் சிரித்துத் தலையாட்டினான். நான் பார்த்தவரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அன்றுதான். நாடகப் பள்ளியைப் பற்றியும் அவள் அப்படியே கேட்டிருக்கலாம், அவனுக்குப் புரிந்திருக்கும். நான் காத்திருந்தேன். அவள் காபி போட உள்ளே போனாள். அடுத்த திங்கட்கிழமை நர்சிங் கல்லூரியில் சேர்ந்தாள்.