டிரெய்லருக்குப் பின்னால் எழுதிய நம்பர்

சொரிமுத்து இருபத்திரண்டு வருஷமாகக் கொழும்புக்குச் சரக்கு அனுப்பி வந்தவன். அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் வேறு, அவன் வெறும் டிரெய்லர் டிரைவர்தானே என்று யாராவது வழக்குக்கு வந்தால் வரட்டும். கன்டெய்னரை யார்டில் ஏற்றி, ஹார்பர் ரோட்டு வரிசையில் வெயிலோடு வெயிலாக நின்று, கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறவனுக்கு அந்தச் சரக்கில் ஒரு பாத்தியதை இல்லாமலா போகும்? பெட்டி கப்பல் ஏறும். இவன் கேட்டைத் தாண்டி வந்து டீ குடிப்பான். அதோடு சரி.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் கிளீனராகத் தூத்துக்குடிக்கு வந்து, ஸ்டியரிங்கைத் தொட ஐந்து வருஷம் காத்திருந்த ஆள். நடுவில் ஒருமுறை வளைகுடாவுக்குப் போகிறேன் என்று பாஸ்போர்ட் எடுத்தான். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்து வருஷம் தூங்கி, ஒரு முத்திரைகூடப் படாமல் காலாவதியானது. அதற்குள் கல்யாணம் ஆகி, முத்தையாபுரத்தில் வாடகை வீடு பிடித்து, சண்முகப்ரியாவும் பிரகாஷும் பிறந்திருந்தார்கள்.

அவனுடைய முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சிக்கு நாலு டிரெய்லர். தங்கமான மனுஷன், லீவு என்ற சொல்லை மட்டும் அவர் காதில் போடக்கூடாது. குற்றாலத்தில் சீசனுக்குப் போய்த் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறபோது போன் வரும். கன்னியாகுமரியில் படகுக்கு வரிசையில் நிற்கிறபோது போன் வரும். கப்பல் நாளைக்குக் கிளம்புகிறது, வேறு ஆள் இல்லை என்பார். இவனும் அந்த நிமிஷமே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். குற்றாலத்துக்குப் போயும் எண்ணெய்த் தலையோடு வீட்டுக்கு வந்து குழாயடியில் குளித்த கதையை அவன் பெண்டாட்டி பகவதி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அண்ணாச்சி இன்னொன்றும் செய்வார். எந்த நம்பரிலிருந்து போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். காரணம், நாலு டிரெய்லருக்கும் பின்னால் அவருடைய நம்பர்தான் மஞ்சள் பெயின்டில் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. ஓட்டுவது சரியில்லை என்றால் கூப்பிடவும் என்று மேலே ஒரு வரி. ஊர் சும்மா இருக்குமா? உரசினாலும் கூப்பிட்டார்கள், உரசாவிட்டாலும் கூப்பிட்டார்கள். நம்பரை அழித்துத் தொலைக்கிறேன் என்று மாதம் ஒருமுறை அவர் சபதம் செய்வார். பெயின்டருக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை.

லோடு இல்லாத நாளில் சொரிமுத்து வண்டியை வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் நிறுத்துவான். சண்முகப்ரியா எண்கள் படித்தது அந்த வண்டியின் முதுகில்தான். அப்பா தோளில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, பத்து எண்ணையும் ராகம் போட்டுச் சொல்லுவாள். அப்பாவின் நம்பர் அவளுக்குத் தெரியாது. பகவதிக்கே தெரியாது. போனில் அவன் படம் இருக்கிறது, தொட்டால் போகிறது. இந்தக் காலத்தில் கட்டின புருஷன் நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்?

போன வருஷம் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை பத்து நிமிஷம் கைதவறிப் போய்க் கிடைத்தாள். அன்றைக்கு சொரிமுத்து அவளுக்கு ஒரு பாடம் சொன்னான். தொலைந்துபோனால் அங்குமிங்கும் ஓடக்கூடாது. பெரிய டிரெய்லர் ஏதாவது நின்றால் அதன் பக்கத்தில் போய் நில். டிரைவர் வண்டியை விட்டு எங்கேயும் போகமாட்டான். இன்னாருடைய மகள் என்று சொன்னால் கொண்டுவந்து விட்டுவிடுவான். சொன்னவன் அன்றைக்கே மறந்தான். பிள்ளை மறக்கவில்லை.

கொழும்புக்குப் போவோம் என்று முடிவானதும் அவளால்தான். அந்தப் பெட்டியெல்லாம் எங்கே போகிறது என்று தினமும் கேட்டாள். கொழும்புக்கு என்றான். அங்கே என்ன இருக்கிறது என்றாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பகவதி தையல் மிஷினில் சேர்த்துக் கட்டிய சீட்டை எடுத்தாள். நாலு பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது. மதுரையிலிருந்து விமானத்துக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அண்ணாச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு நாள் கொடுத்தார்.

கிளம்புகிற அன்று காலையில் பகவதி பெட்டியைப் பூட்டாமல் நின்றாள்.

"ஏங்க, நாலு நாளைக்கு அண்ணாச்சி போன எடுக்க மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. இல்லன்னா நான் வரல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சொரிமுத்து சண்முகப்ரியாவின் உச்சந்தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

முதல் இரண்டு நாளும் அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. விமானம் கடலைத் தாண்டியது ஒரு இட்லி தின்கிற நேரம்தான். தெஹிவளை மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, இதுக்குத் தொண்டை வலிச்சா எவ்வளவு மருந்து வேணும் என்று பிரகாஷ் கேட்டான். கடலோரத்துக் காலி முகத்திடல் மைதானத்தில் பட்டம் விட்டார்கள், முழு இறாலை மேலே அப்பிய வடை தின்றார்கள். பகவதி கடலில் முழங்கால் வரை இறங்கி, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு. போன் வரவில்லை. வராததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டு விக்டோரியா, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருந்தாள். அந்தோனியாருக்குச் செவ்வாய் விசேஷம் என்பது இவர்களுக்கும் தெரியும். தூத்துக்குடிக்காரர்களுக்கு எந்தச் சாமியும் அந்நியமில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தார்கள். பகவதி குனிந்து பிரகாஷுக்குச் செருப்பு மாட்டினாள். சண்முகப்ரியாவின் கை சொரிமுத்துவின் கையில் இருந்தது.

அப்போது அவன் தெருமுனையில் அந்த வரிசையைப் பார்த்தான். துறைமுக மதிலோரமாக டிரெய்லர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளே போகக் காத்து நின்றன. எல்லாம் அவன் தினமும் பார்க்கிற பெட்டிகள். விடுமுறைக்கு வெளிநாடு வந்தவன் பார்க்கிற காட்சியா அது? ஆனாலும் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். இரண்டு கையாலும் தூக்கினான். பூசை முடிந்து கோயிலிலிருந்து கூட்டம் மொத்தமாக வெளியே வந்தது. படம் எடுத்துவிட்டுக் கீழே பார்த்தால் பிள்ளை இல்லை.

கோயிலுக்குள் ஓடினான். மெழுகுவர்த்திக் கடை, பூக்கடை, பொம்மைக்கடை எல்லாம் பார்த்தான். சிவப்புக் கவுன், இரட்டைச் சடை என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னான்; தமிழ் தெரிந்தவர்கள் கூடவே தேடினார்கள், தெரியாதவர்கள் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தேடினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வாக்கி டாக்கியில் பேசினார். பகவதி பிரகாஷை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றாள். தேடித் திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றான். கையை விட்டது அவன்தானே.

அப்போது போன் அடித்தது. திரையில் முதலாளி என்று வந்தது.

வேறு நேரமாக இருந்தால் சத்தியமா ஒன்றா என்று எடுத்திருப்பான். இப்போது எடுக்க முடியவில்லை. எந்தத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தானோ அந்தத் தலை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, சத்தியத்தை மீற எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? கட் செய்தான். மறுபடி அடித்தது. கட் செய்தான். மூன்றாவது முறையும் அடித்தபோது, கப்பலும் கன்டெய்னரும் நாசமாய்ப் போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு கட் செய்தான். நாலாவது முறை பகவதி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

அவள் இதுவரை அண்ணாச்சியிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஒன்பது வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து எடுத்தாள்.

"நீங்கள்லாம் மனுஷர்தானா அண்ணாச்சி? இங்கன பிள்ளையக் காணாம நாங்க தெருவுல நிக்கோம், உங்களுக்கு லோடு..."

அவ்வளவுதான் பேசினாள். அண்ணாச்சி பேசினால் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"பிள்ள பத்திரமா இருக்கா தாயீ. அழாத. ஹார்பர் மதிலு ஓரமா ஒரு டிரெய்லர்ப் பக்கத்துல நிக்காளாம். பச்சப் பெட்டி. அந்த டிரைவருதான் எனக்குப் போன் போட்டான். அவன் எங்க, அந்தக் கூறுகெட்டவன்? மூணு தடவ கட் பண்ணுதான்."

பகவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொரிமுத்து ஓடினான்.

எந்த வரிசையைப் படம் எடுத்தானோ அதே வரிசைதான். ஊரெல்லாம் தேடியவன் அங்கே மட்டும் தேடவில்லை. பச்சைப் பெட்டி ஏற்றிய டிரெய்லர் ஒன்று வரிசையை விட்டு ஓரமாக விலகி நின்றது. அதன் படியில் சண்முகப்ரியா உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். பொம்மைக்கடையைப் பார்க்க நின்றாளாம், திரும்பினால் அப்பாவைக் காணோமாம், அப்பா சொன்னபடி பெரிய வண்டிப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாளாம். அழுத தடம்கூடக் கன்னத்தில் இல்லை. அழுதது சொரிமுத்துதான்.

பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு டிரைவர் நின்றார். சுனில் என்று பெயர் சொன்னார். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். ஹார்பர் டிரைவர் சொரிமுத்து மகள் என்று பிள்ளை சொன்னதில் டிரைவர் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. பிறகு அவள் ராகம் போட்டுப் பத்து எண் சொன்னாள். துறைமுக டிரைவருக்கு இந்திய நம்பர் தெரியாதா? முன்னால் தொண்ணூற்றொன்றைச் சேர்த்து அடித்தார்; பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்த ஒருவர் இடத்தை விளக்கிச் சொன்னார். முதல் மணியிலேயே எடுத்தார்கள் என்று வியந்துபோய்ச் சொன்னார்.

சொரிமுத்து வரிசையைப் பார்த்தான். அவர் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பதினைந்து இருபது வண்டிகள் போயிருந்தன. வரிசையை விட்டு விலகினால் என்னவாகும் என்பது கொழும்பில் இருந்த அத்தனை சுற்றுலாக்காரர்களிலும் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். பகல் முழுக்கப் போய்விடும். முதலாளி ஏசுவான். இதை அவன் பாதி வார்த்தையாலும் பாதி கையாலும் சொன்னபோது சுனில் சிரித்தார்.

"லைன் நாளைக்கும் இருக்கும் மல்லி. எனக்கும் மகள் இருக்கு."

மல்லி என்றால் தம்பி என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். சொரிமுத்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. பிரகாஷோடு பின்னாலேயே வந்து சேர்ந்த பகவதி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தை மட்டும், மகளுக்கு என்று வாங்கிக்கொண்டார். வண்டியைத் திருப்பி அவர் வரிசையின் கடைசிக்குப் போகிறவரை நாலு பேரும் நின்று கையாட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில், வீட்டோடு கிளம்பி அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனார்கள். பகவதி சிலோன் தேயிலைப் பொட்டலத்தை நீட்டி, நான் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அழுதாள். அவர் தேயிலையை முகர்ந்து பார்த்தார். பிறகு, நான் செய்ததுக்கு நீ இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே ஏசியிருக்கலாம் தாயீ என்றார். இந்த மனுஷன் போனை எடுக்காதவராக இருந்திருந்தால் என்ற நினைப்பு இரண்டு நாளாக சொரிமுத்துவைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அவர் காது கொடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.

போகிற போக்கில் கேட்டார், "நம்பரு இன்னும் ஞாவகம் இருக்கா மக்கா?"

வண்டிக்கு அந்தப்புறம் சண்முகப்ரியா ராகம் போட்டுச் சொல்வது கேட்டது. பத்து எண் முடிந்தது. முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. புதிதாக வேறு ஏதோ எண்களை ஒவ்வொன்றாக, தடவித் தடவிப் படித்தாள். பெயின்ட் வாசம் வந்தது. சொரிமுத்து ஒன்றும் புரியாமல் நின்றான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் முதலாளி என்று வந்தது. பகவதி அவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லலே. எம் நம்பருக்குக் கீழ ஒன் நம்பரையும் எழுதச் சொன்னேன். பெயின்டர் சரியா எழுதியிருக்கானான்னு பார்த்தேன்."